மரம் துளிர்ப்பதற்குள் வாழ்ந்து முடிக்கும் பூண்டு

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மார்ச் மாதம் வந்தால் அருகிலுள்ள காட்டில் தரையே தெரியாமல் காட்டுப்பூண்டு முளைத்துவிடுகிறது. இலையுதிர் காலத்தில் கடையில் ஒரு பொட்டலம் கிழங்கு வாங்கி, வெயில் நன்றாக விழும் பாத்தியில் நட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. வீட்டுத் தோட்டத்தில் இதை வளர்க்க முடியுமா? வளர்ந்தால் தோட்டம் முழுவதும் பரவிவிடும் என்கிறார்களே, உண்மையா? மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு விதை அனுப்பினால் அங்கே வருமா?

பதில்: வெள்ளைப்பூண்டுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் காட்டுப்பூண்டுக்குச் செய்திருக்கிறீர்கள். நல்ல வெயில், பொலபொலவென்று கொத்திவிட்ட பாத்தி, உலர்ந்த கிழங்கு ஆகிய மூன்றும் வெள்ளைப்பூண்டுக்கு உகந்தவை. மூன்றும் இதற்கு ஆகாதவை. வருந்த வேண்டாம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். 20 கிழங்குகள் நட்டதில் இரண்டு மட்டும் தலை காட்டின. பொட்டலத்தைப் பிரித்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிழங்குகள் சுருங்கி, விரலால் அழுத்தினால் வைக்கோல்போல நொறுங்கின. அவற்றில் பெரும்பாலானவை நடுவதற்கு முன்பே செத்துப்போயிருந்தன.

காரணம் கிழங்கின் அமைப்பில் இருக்கிறது. வெள்ளைப்பூண்டை மாதக்கணக்கில் அடுக்களையில் கட்டித் தொங்கவிடுகிறோம். ஒவ்வொரு பல்லும் தனித்தோல் போர்த்தி, அதன்மேல் தாள்போன்ற உறைகள் அடுக்கடுக்காக மூடியிருப்பதால் அது காய்வதில்லை. காட்டுப்பூண்டின் கிழங்கில் பல் கிடையாது. சுண்டுவிரலைவிட மெலிந்து, 3 முதல் 6 சென்டிமீட்டர் நீளத்தில், வெள்ளை வெளேரென்று இருக்கும். கழுத்தில் நாலைந்து நார்கள் ஒட்டியிருக்கும். வேறு போர்வை இல்லை. மண்ணைவிட்டு வெளியே வந்து வாழும் எண்ணமே இல்லாத கிழங்கு அது. இரண்டு வாரம் கடை அலமாரியில் காற்றுப்பட்டால் அதன் கதை முடிந்துவிடும்.

பெயரும் நம்மைக் கொஞ்சம் வழிதவறச் செய்கிறது. தமிழில் பூண்டு என்றால் சிறு செடி என்றே முதற்பொருள். 'புல் பூண்டு முளைக்காத இடம்' என்று சொல்வதில் இருப்பது அந்தப் பூண்டுதான். அந்தப் பொருளில் காட்டுப்பூண்டு என்ற பெயர் இதற்கு மிகவும் பொருந்தும். இது காட்டுத் தரையில் வாழும் சிறு செடி. உறவு என்று பார்த்தால் வெங்காயம், வெள்ளைப்பூண்டு, லீக் எல்லாம் அடங்கிய அல்லியம் இனத்தைச் சேர்ந்தது. 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு அல்லியம் உர்சினம் என்று பெயர் வைத்தார். உர்சினம் என்றால் கரடிக்குரியது. ஜெர்மானியர் இதை பேர்லாவ்க் என்பதும், பிரெஞ்சுக்காரர்கள் கரடிப் பூண்டு என்பதும் அதே வழக்கம். ஆங்கிலத்தில் ராம்சன்ஸ் என்ற பழைய பெயரும் உண்டு.

இதை வளர்க்க நினைப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: இந்தச் செடியின் நாட்காட்டி. ஓக், ஆஷ், ஹேசல், பீச் மரங்கள் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கின்றன. பிப்ரவரியில் வெயில் கொஞ்சம் ஏறுகிறது. மரங்களோ ஏப்ரல் கடைசிக்கு மேல்தான் இலை விரித்து மூடுகின்றன. இடையில் கிடைக்கும் பத்துப் பன்னிரண்டு வாரங்களில் காட்டுத் தரையில் நல்ல வெளிச்சம் விழுகிறது. காட்டுப்பூண்டின் வாழ்வு முழுவதும் அந்த இடைவெளிக்குள் அடங்கும். பிப்ரவரி, மார்ச்சில் இலை. ஏப்ரல், மே மாதங்களில் வெள்ளை நட்சத்திரப் பூக்கள். மேலே கூரை மூடியதும் விதை. ஜூன் முடிவதற்குள் இலை மஞ்சளாகிக் குழைந்து மண்ணோடு போய்விடும். அடுத்த ஏழெட்டு மாதங்கள் மேலே ஒன்றும் தெரியாது. ஒவ்வோர் ஆண்டும் பழைய கிழங்கைச் செலவழித்துவிட்டு, அந்தச் சில வார வெயிலில் சேர்த்ததைக் கொண்டு புதுக் கிழங்கு ஒன்றைச் செய்துகொள்கிறது. எங்கே நடுவது, எப்போது நடுவது, எவ்வளவு பறிப்பது என்ற எல்லாக் கேள்விக்கும் விடை இந்த நாட்காட்டியில்தான் இருக்கிறது.

முதலில் இடம். வேனிலில் நிழலும் குளிர்காலக் கடைசியில் வெளிச்சமும் கிடைக்கும் இடம் வேண்டும். இலையுதிர்க்கும் மரத்தடி, ஆப்பிள் மரத்தின் வடபுறம், ஹேசல் புதரின் அடி, வேலி ஓரம் ஆகியவை நல்லவை. மரமே இல்லாத வீடு என்றால் வடக்குச் சுவரின் அடியில் ஈரம் காயாத மூலை ஒன்று இருக்கும். வேறு எதுவும் சரியாக வராமல் பாசி பிடித்துக் கிடக்கும் அந்த மூலையே போதும். ஆண்டு முழுவதும் இலை உதிராத ஊசியிலை மரத்தின் அடி வேண்டாம். அங்கே வசந்தத்திலும் வெளிச்சம் இல்லை, மழைநீரும் சரியாக இறங்குவதில்லை.

மண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். களிமண்ணிலும் வரும், சுண்ணாம்பு மண்ணிலும் வரும். ஈரம் இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. ஜெர்மனியில் லைப்சிக் நகரின் ஆற்றோரக் காடு வசந்தத்தில் பூண்டு மணக்கும். துரிங்கியாவில் ஹைனிஷ் தேசியப் பூங்காவின் பீச் காட்டுக்குள் கண்ணுக்கெட்டிய வரை இதே செடிதான். இந்த இரண்டு காடுகளிலும் எவரும் உரம் போடவில்லை. ஆண்டுதோறும் விழும் இலை மக்கி மண்ணாகிறது, அவ்வளவுதான். ஆகவே நவம்பரில் உங்கள் தோட்டத்தில் விழும் இலைகளைக் கூட்டி எடுத்துப் பையில் கட்டி வெளியே வைக்காதீர்கள். நட்ட இடத்தின்மேல் நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பிவிடுங்கள். அதுதான் உரம், அதுவே மூடாக்கு. இலை முளைத்து வரும்போது அந்தச் சருகைக் குத்திக்கொண்டு மேலே வருவதைப் பார்ப்பீர்கள். சில சமயம் ஒரு பழுப்பு இலையைக் கழுத்துப்பட்டை போல மாட்டிக்கொண்டே ஒரு குருத்து எழும். பிப்ரவரி மாதத்தில் எனக்கு அதைவிடப் பிடித்த காட்சி வேறு இல்லை.

அடுத்து, செடி எங்கிருந்து வாங்குவது? உலர்ந்த கிழங்கை மறந்துவிடுங்கள். மார்ச், ஏப்ரலில் சில நாற்றங்கால்காரர்கள் இலையோடும் வேர் மண்ணோடும் தோண்டி, ஈரத் தாளில் சுற்றி அனுப்புவார்கள். சிறு தொட்டியில் வளர்ந்த செடியாகவும் விற்பார்கள். பச்சையாக வாங்கிப் பச்சையாக நட வேண்டும். வந்த அன்றே நடுங்கள். முடியாவிட்டால் ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் ஒரு நாள் வைக்கலாம். இலையுதிர் காலத்தில்தான் வாங்க முடியும் என்றால், ஈர மண்ணிலோ தென்னைநார்க் கழிவிலோ பொதிந்து அனுப்புகிறவரிடம் வாங்குங்கள். கையில் எடுத்தால் கிழங்கு கனமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும்.

பக்கத்துக் காட்டில் அவ்வளவு கிடக்கும்போது நாலு கிழங்கு தோண்டினால் என்ன என்று தோன்றும். தோண்டாதீர்கள். 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, கிராமப்புறச் சட்டப்படி நிலத்துக்கு உரியவரின் அனுமதி இல்லாமல் பிரிட்டனில் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தரையை மூடிக் கிடக்கும் காட்டுப்பூண்டு அங்கே மிகப் பழைய காடு இருப்பதற்கான அடையாளங்களில் ஒன்று. அது விதை விழுந்து, முளைத்து, தாய்ச்செடியின் காலடியைவிட்டு மெல்ல மெல்ல நகர்ந்து பரவிய பரப்பு. மண்வெட்டி வைத்த இடம் ஆறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். நண்பர் வீட்டுத் தோட்டத்தில் நிறைய இருந்தால் ஏப்ரலில் ஒரு கைப்பிடிக் கொத்து கேட்டு வாங்குங்கள். வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியாகக் கொடுத்துவிடுவார்கள்.

நடுவதில் நுட்பம் எதுவும் இல்லை. இலையோடு வந்த செடி என்றால், காம்பில் வெள்ளையாக இருக்கும் பகுதி முழுவதும் மண்ணுக்குள் போகும்படி வையுங்கள். முன்பு எந்த ஆழத்தில் இருந்தது என்பதற்கு அதுதான் அளவுகோல். கிழங்கு என்றால் 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆழம். கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. இதன் வேர்கள் சுருங்கிக் கிழங்கைத் தாமே கீழே இழுத்துக்கொள்ளும். செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி விடலாம். நட்டதும் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் இலையெல்லாம் தரையில் படுத்துவிடும். அதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று பிடுங்கியவர்களை எனக்குத் தெரியும். படுத்த இலையும் கிழங்குக்குச் சோறு ஊட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதுவாக மஞ்சளாகும் வரை தொடாதீர்கள்.

பெரும்பாலானோர் தோற்பது இதற்குப் பிறகு வரும் ஜூலையில். இலை போய்விட்டது, இடம் வெறுமையாக இருக்கிறது. அங்கே வேறு ஏதாவது நடலாம் என்று கொத்திவிடுகிறார்கள், அல்லது ஒன்றும் இல்லாத இடத்துக்கு எதற்குத் தண்ணீர் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். மூடாக்குக்குக் கீழே மண் எப்போதும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் மழை இல்லாத வேனிலில் வாரம் ஒரு முறை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும். வெற்றிடமாகக் கிடப்பது கண்ணை உறுத்தினால் நடுவே பெரணி வையுங்கள். காட்டுப்பூண்டு விடைபெறும் வேளையில் பெரணி சுருள் அவிழ்த்து விரிந்து, வேனில் முழுவதும் கிழங்குகளுக்குக் குடைபிடிக்கும். என் தோட்டத்தில் பல ஆண்டுகளாக இந்த ஏற்பாடுதான்.

விதையிலிருந்து வளர்க்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் பொறுமை வேண்டும். ஜூன், ஜூலையில் பூங்கொத்து காய்ந்து கறுப்பு விதைகள் தெரியும்போதே எடுத்து, அப்போதே தூவிவிட வேண்டும். விதைக்கு முதலில் ஒரு வேனிலின் வெதுவெதுப்பும் அதன்பின் ஒரு குளிர்காலமும் தேவை. அந்த வரிசையில் இரண்டும் கிடைத்தால்தான் உறக்கம் கலையும். உறையில் அடைத்து வைத்த பழைய விதையை வசந்தத்தில் வாங்கித் தூவினால் அந்த ஆண்டு ஒன்றும் வராது. அதற்கடுத்த ஆண்டுதான் வரலாம். முளைத்தபின் முதல் ஆண்டில் மிகச்சிறிய இலை ஒன்றுதான் இருக்கும். களையென்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். பூ வர மூன்று நான்கு ஆண்டுகள், சில இடங்களில் அதற்கும் மேல் ஆகும்.

தோட்டம் இல்லாமல் மாடிவீட்டில் இருப்பவர்கள் தொட்டியிலும் வைக்கலாம். குறைந்தது ஒரு முழங்கை ஆழமுள்ள தொட்டி, இலைமக்கு பாதியும் மண் பாதியும், நிழலான இடம். தொட்டி சீக்கிரம் காயும் என்பதால், செடி கண்ணுக்குத் தெரியாத மாதங்களில் அதை மறந்துவிடாமல் இருப்பதுதான் கடினம்.

இனி, பரவுமா என்ற உங்கள் கேள்வி. பரவும். அதற்கு ஏற்ற இடமாக இருந்தால் பத்து ஆண்டுகளில் அந்த மூலையைத் தனதாக்கிக்கொள்ளும். பெரும்பாலும் விதையால் பரவுவதால், பூ முடிந்து காய் பிடிக்கும்போது பூந்தண்டுகளைக் கிள்ளிவிட்டால் வேகம் குறைந்துவிடும். கிள்ளிய பச்சைக் காய் வீணாகாது. உப்பும் வினிகரும் சேர்த்து ஊறவைத்தால் சுள்ளென்ற ஊறுகாய். கிழங்கையும் முற்றிய விதையையும் மட்டும் தோட்டத்து மக்குக்குழியில் போடாதீர்கள். அடுத்த ஆண்டு மக்கு போட்ட இடமெல்லாம் முளைக்கும். காய்கறிப் பாத்தியிலிருந்து தள்ளியே நடுங்கள். நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: வெங்காயக் குடும்பம் முழுவதும் அவற்றுக்கு நஞ்சு. கடித்துத் தின்னும் பழக்கமுள்ள நாய்க்குட்டி இருந்தால் வேலி போடுங்கள்.

வாங்கும்போது வேறொரு செடியை இதுவென்று தந்துவிடாமலும் பார்க்க வேண்டும். மூன்று பட்டைத் தண்டும், ஒல்லியான நீண்ட இலையும், மணிபோலத் தொங்கும் வெள்ளைப் பூவில் பச்சைக் கோடும் கொண்ட ஒன்று உண்டு. மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்த அல்லியம் டிரிக்வெட்ரம் அது. தின்னலாம், மணமும் நன்றாகவே இருக்கும். ஆனால் அடங்காமல் பரவும் செடி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதைக் காட்டுவெளியில் நடுவதும் வளரவிடுவதும் சட்டப்படி தடுக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் வீடு காட்டோரம் என்பதால் அதை வாங்கவே வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் நான் சொல்லாமல் விட முடியாத செய்திக்கு வருகிறேன். காட்டுப்பூண்டைப் போலவே பச்சை இலை காட்டும் மூன்று நஞ்சுச் செடிகள் ஐரோப்பாவில் இருக்கின்றன. மூன்றின் நஞ்சும் நமக்கு அந்நியமானதல்ல. நம் ஊரிலும் அவற்றுக்கு உடன்பிறப்புகள் உண்டு. அதனால் பெயரை மறந்தாலும் ஆபத்தை மறக்க மாட்டீர்கள்.

முதலாவது, லில்லி ஆஃப் த வேலி. சிறு மணிகள் கோத்ததுபோல வெள்ளைப் பூ பூக்கும் அழகான தோட்டச் செடி. இதன் நஞ்சு இதயத் துடிப்பைக் குலைக்கும் வகை. நம் ஊர் அரளியில் இருப்பதும் அதே வகைதான். அரளி விதை என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு உடல் நடுங்கும் அல்லவா, இந்த இலையையும் அந்தக் கண்ணோடு பாருங்கள்.

இரண்டாவது, ஆட்டம் குரோக்கஸ், அதாவது கொல்சிகம். இலையுதிர் காலத்தில் இலையே இல்லாமல் ஊதா நிறத்தில் பூக்கும். இலை மட்டும் வசந்தத்தில், காட்டுப்பூண்டு வரும் அதே வாரங்களில் வரும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, குரோவேஷியா ஆகிய நாடுகளில் காட்டுப்பூண்டு என்று நினைத்து இதைச் சமைத்துத் தின்று இறந்தவர்கள் இருக்கிறார்கள். நஞ்சின் பெயர் கொல்சிசின். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில் இருப்பதும் இதே கொல்சிசின்தான். இரண்டு செடிகளும் ஒரே குடும்பம். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் போட்டு விளைவித்து, விதையை மருந்துக்கு ஏற்றுமதி செய்கிறார்களே, அது எதற்கு என்றால் இந்தக் கொல்சிசினுக்காகத்தான். ஈழத்தில் கார்த்திகைப்பூ என்பார்கள். அதன் கிழங்கைத் தின்றால் என்ன ஆகும் என்று நம் கிராமங்களில் சிறு பிள்ளைக்கும் தெரியும். வேகவைத்தாலும் கொல்சிசின் அழியாது. சில மணி நேரம் ஒன்றும் தெரியாது, பிறகுதான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அப்போதே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பறித்த இலையில் மிச்சம் இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

மூன்றாவது, ஆரம். பிரிட்டனில் இதுதான் அடிக்கடி கையில் சிக்கும், ஏனென்றால் காட்டுப்பூண்டுக்கு நடுவிலேயே முளைக்கும். சேம்பு, சேனை, கருணை குடும்பம். சரியாக வேகாத கருணைக்கிழங்கு தொண்டையை அறுப்பதற்குக் காரணமான அதே ஊசிப் படிகங்கள் இதன் இலையிலும் இருக்கின்றன. வளர்ந்த இலைக்கு அம்பு முனை வடிவம் இருப்பதால் எளிதில் தெரியும். இளங்குருத்துக்கு அந்த வடிவம் இன்னும் வந்திருக்காது.

ஒரு ஏப்ரலில் என் தோட்டத்தில் ஒரு பிடி பறித்துக்கொண்டு வந்து கழுவினேன். ஐந்தாறு இலைகளை ஒரே கொத்தாகப் பிடித்து அறுத்ததில் வந்த தவறு அது. தண்ணீர்க் குழாயின் கீழே விரித்தபோது ஓர் இலை மட்டும் கொஞ்சம் மினுமினுப்பாக, நரம்புகள் வலைபோலப் பின்னியிருந்தது. கையை மோந்து பார்த்தேன், பூண்டு. இலையை மோந்து பார்த்தேன், அதுவும் பூண்டு. பத்து நிமிடமாக மற்ற இலைகளோடு கசங்கிக் கிடந்த எதுவும் பூண்டு மணக்கத்தான் செய்யும். அது ஆரம். 'கசக்கி மோந்து பார், பூண்டு வாசனை வந்தால் சரி' என்று எல்லோரும் சொல்கிறார்கள். முதல் இலைக்கு மட்டும்தான் அந்தச் சோதனை செல்லும். அதன்பிறகு உங்கள் விரல்களே சாட்சியைக் கெடுத்துவிடும்.

ஆகவே கண்ணால் பாருங்கள். காட்டுப்பூண்டில் ஒவ்வோர் இலையும் தனக்கென்று ஒரு மெல்லிய காம்போடு தரையிலிருந்து எழும். லில்லி ஆஃப் த வேலியில் ஒரே தண்டிலிருந்து இரண்டு இலைகள் ஒன்றை ஒன்று தழுவிக்கொண்டு வரும். கொல்சிகத்துக்குக் காம்பே கிடையாது. தடித்த இலைகள் ஒரே இடத்திலிருந்து நேராகக் கிளம்பும். ஆரத்தின் நரம்பு வலைப்பின்னல். காட்டுப்பூண்டின் நரம்பு நுனிவரை ஒன்றையொன்று தொடாமல் ஓடும் கோடுகள். இன்னும் கிட்டே போனால் காட்டுப்பூண்டின் காம்பில் ஒரு விந்தை தெரியும். காம்பு அரைச்சுற்று முறுக்கிக்கொண்டிருக்கும். அதனால் வானத்தைப் பார்த்து இருப்பது இலையின் அடிப்பக்கம். ஒருமுறை விரலால் தடவி அந்த முறுக்கை உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது. இலைகளை ஒவ்வொன்றாக, காம்போடு பறியுங்கள். கொத்தாக அறுக்காதீர்கள். எதிலாவது ஐயம் வந்தால் அந்த ஓர் இலையை மட்டும் தூக்கி எறிந்தால் போதாது, அந்தக் கைப்பிடி முழுவதையும் எறிந்துவிடுங்கள். வீட்டில் வளர்ப்பதன் பெரிய நன்மையே இதுதான்: நட்டது நீங்கள், அங்கே வேறு என்ன முளைக்கிறது என்று நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். அந்த மூலையில் லில்லி ஆஃப் த வேலி இருந்தால் முதலில் அதை அகற்றிவிட்டு ஓராண்டு கழித்து நடுங்கள்.

பறிக்கும் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நட்டபின் முதல் இரண்டு வசந்தங்களில் பறிக்காமல் இருந்தால் நல்லது. வளர்ந்த செடிக்கே பெரும்பாலும் இரண்டு இலைகள்தான். அடுத்த ஆண்டுக்கான கிழங்கு அந்த இரண்டையும் நம்பித்தான் இருக்கிறது. ஒரு செடிக்கு ஓர் இலை எடுத்து அடுத்த செடிக்குப் போய்விடுங்கள். பூ விரிவதற்கு முன் பறித்த இலைதான் மென்மையானது. பூத்தபின் இலை முரடாகி மணமும் மங்கும். அதன்பின் மொட்டுக்கும் பூவுக்கும் வாருங்கள்.

அடுக்களையில் இதை வெள்ளைப்பூண்டுபோல எண்ணெயில் வதக்கத் தொடங்கினால் ஏமாற்றம்தான். இலையை நறுக்கும்போது உண்டாகும் கந்தக மணம் சூட்டில் பறந்துவிடும். பத்து நிமிடம் கொதித்தால் கீரை மட்டும் மிஞ்சும். பருப்பை இறக்கி வைத்தபின் பொடியாக நறுக்கித் தூவி மூடிவிடுங்கள். தோசை மாவில் கலந்து வார்க்கலாம். எல்லாவற்றையும்விடச் சிறந்தது துவையல். உளுத்தம்பருப்பும் மிளகாய் வற்றலும் வறுத்து ஆறவைத்து, புளி, உப்பு, பச்சையான இலை சேர்த்து அம்மியில் அரைப்பதுபோலக் கொரகொரப்பாக அரையுங்கள். தேங்காய் வேண்டாம், மணத்தை அமுக்கிவிடும். சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் வேறு எதுவும் தேவைப்படாது. அதிகம் பறித்துவிட்டால் காயவைக்காதீர்கள், வாசனை போய்விடும்; துவையலாக அரைத்துப் பனிக்கட்டித் தட்டில் உறையவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். பச்சை இலையை எண்ணெயில் போட்டு அறை வெப்பத்தில் வைப்பது மட்டும் கூடவே கூடாது. காற்றுப் புகாத எண்ணெய்க்கடியில் பாட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளர இடம் உண்டு.

மதுரைக்கு விதை அனுப்புவதைக் கைவிடுங்கள். குளிர்காலம் இல்லாமல் விதையின் உறக்கம் கலையாது; கலைந்து முளைத்தாலும் அந்த வெயிலில் ஒரு வாரம் தாங்காது. இந்தியாவுக்குள் விதையோ செடியோ கொண்டுபோக இறக்குமதி அனுமதியும் செடிநலச் சான்றிதழும் வேண்டும் என்பது வேறு. அம்மாவுக்குப் பூண்டு மணக்கும் இலைதான் வேண்டுமென்றால், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த துல்பாகியா என்ற செடியை நாற்றங்காலில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதையும் சிலர் காட்டுப்பூண்டு என்றே விற்பார்கள். ஒல்லி இலை, இளம் ஊதாப் பூ, வெயில் பிடிக்கும். அல்லது எந்தத் தொல்லையும் இல்லாமல், வீட்டில் இருக்கும் பூண்டுப் பல்லை ஒரு தொட்டியில் ஊன்றி, மூன்று வாரத்தில் எழும் பச்சைத் தாளைக் கிள்ளி ரசத்தில் போடலாம். அந்த மணமும் இதற்குக் கிட்டே வரும்.

உங்கள் பழைய பாத்தியைத் தோண்டிப் பார்க்க வேண்டாம். அங்கே இருந்தது போய்விட்டது. அந்த வெயிலில் கொத்தமல்லி போடுங்கள். வரும் மார்ச்சில் இலையோடு 15, 20 செடிகள் வாங்கி, மர நிழலில் கைக்கு எட்டும் அகலத்தில் ஒரே திட்டாக நடுங்கள். தோட்டமெங்கும் ஒன்றிரண்டாகச் சிதறி நடாதீர்கள், ஜூலையில் எது எங்கே என்று உங்களுக்கே தெரியாது. இலை மறைவதற்கு முன் திட்டின் நான்கு மூலையிலும் குச்சி ஊன்றி, நூல் சுற்றிவிடுங்கள். வெறும் மண்ணாகத் தெரியும் அந்தச் சதுரத்தை வீட்டில் எவரும் கொத்தாமல் பார்த்துக்கொள்வதுதான் அடுத்த எட்டு மாதங்களுக்கு உங்கள் வேலை.